தெருமுனைப் பப்பில் நல்ல காஸ்க் ஏல் குடிப்பது எப்படி

இங்கிலாந்தில் பியருக்குப் பேர்போன பப்கள் பலவற்றை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கதவு, தேய்ந்த கம்பளம், நாலைந்து மேசை, சுவரில் பெரிய திரை கிடையாது. சாப்பிட என்று கேட்டால் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும் ஊறவைத்த முட்டையும்தான். அங்கே போவதற்கு ஒரே காரணம் காஸ்க் ஏல். தொழிற்சாலையிலேயே வடிகட்டி, வாயு ஏற்றி அடைத்த பியர் அல்ல அது. ஈஸ்ட் உயிரோடு பீப்பாய்க்குள் இருக்க, பப்பின் நிலவறையிலேயே கடைசிக் கட்ட நொதிப்பு முடிந்து, வாயு அழுத்தம் எதுவும் இல்லாமல் கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவது. திறந்துவிட்டால் கள்ளைப் போல அதற்கும் நேரம் எண்ணப்படுகிறது.

அதனால் கவுண்டரில் எத்தனை பம்புக் கைப்பிடி நிற்கிறது என்று பார்த்து மயங்காதீர்கள். எத்தனை நாளில் பீப்பாய் காலியாகிறது என்பதுதான் கணக்கு. வழக்கமான பீப்பாய் ஃபர்கின்: 9 கேலன், அதாவது 72 பைண்ட், ஏறக்குறைய 41 லிட்டர். திறந்தபின் மூன்று நாள் வரை அதன் சுவை நிற்கும்; அதற்குமேல் நாளுக்கு நாள் சரிவுதான். எனவே ஒரு கைப்பிடிக்கு ஒரு நாளில் 24 பைண்ட் போயாக வேண்டும். எட்டுக் கைப்பிடி என்றால் நாளொன்றுக்கு 190 பைண்டுக்கு மேல், அதுவும் காஸ்க் ஏல் மட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இது நடக்காத காரியம். மூன்று கைப்பிடி, நிறைந்த அறை என்றால் தைரியமாக வாங்கலாம். கூட்டம் குறைவாக இருந்தும் நன்றாகப் பராமரிக்கும் பப்கள் இரண்டு வழி வைத்திருக்கும். ஒன்று, 36 பைண்ட் மட்டுமே பிடிக்கும் ‘பின்’ என்ற அரைப் பீப்பாயை வாங்குவது. மற்றது, வாரநாளில் இரண்டு கைப்பிடியை மூடிவைத்து வெள்ளிக்கிழமை திறப்பது.

நிலவறையில் நடப்பது

கோப்பையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கீழே நிலவறையில் பிறப்பவை. அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் குடிக்கும்போது எது எங்கே பிசகியது என்று ஊகித்துவிடலாம்.

பீப்பாய் வந்ததும் ஸ்டில்லேஜ் என்ற தாங்கியில் அதைப் படுக்கவைத்து, உருளாமல் ஆப்பு கொடுப்பார்கள். பீப்பாயின் வயிற்றுப் பக்கம் மேலே ஒரு துளை. அதை அடைத்திருக்கும் மூடி ஷைவ். முன்தட்டில் கீழ் விளிம்பை ஒட்டி இன்னொரு துளை. அதன் அடைப்பு கீஸ்டோன். உள்ளே ஈஸ்டோடு சேர்த்து, தெளியவைக்கும் பசைக்கரைசலும் கலந்திருக்கும். அது ஈஸ்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் வண்டலாகப் படியும்.

முதல் வேலை வாயுவை விடுவது. ஷைவின் நடுவில் மென் ஸ்பைல் என்ற, காற்றுப் புகக்கூடிய மரமுளையைச் சுத்தியால் அடித்து இறக்குவார்கள். துடிப்பான பியர் என்றால் நுரை பொங்கி வழியும். துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். துடைத்தபின் நுரை மெல்ல ஊறி வரும் அளவுக்கு அடங்கியதும் மென் முளையைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் புகாத வன் ஸ்பைலை அடிப்பார்கள். இனி உண்டாகும் வாயு பியருக்குள்ளேயே தங்கும். பிறகு மரச்சுத்தியால் ஒரே அடியில் கீஸ்டோனுக்குள் குழாயை இறக்கி, தெளிவதற்கு ஒருநாள், இரண்டு நாள் விடுவது வழக்கம். எல்லாப் பியரும் ஒரே வேகத்தில் பக்குவமாவதில்லை. யார்க்‌ஷரின் டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட் அவசரக்காரர்களிடம் வாடிப்போகும். சில நாள் கூடுதலாகக் கிடந்தால்தான் அதன் உண்மையான சுவை வரும்.

விற்பனை நேரத்தில் வன் முளையைத் தளர்த்தியாக வேண்டும். வெளியே போகும் பியரின் இடத்தில் காற்று உள்ளே வராவிட்டால் பீப்பாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். மேலே கைப்பிடி கனமாக இழுக்கும், அடி வண்டலும் கலங்கி வரும். இரவு கடை மூடும்போது முளையை மறுபடி இறுக்கி அடிக்க வேண்டும். இதை ஓர் இரவு மறந்தால் வாயுவெல்லாம் போய், மறுநாள் மதியம் வாங்குகிறவருக்குச் செத்த பியர் கிடைக்கும். கோப்பையில் குமிழே இல்லாமல் சப்பென்று இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த முளையைத்தான்.

பீப்பாயைச் சாய்ப்பதிலும் கவனம் தேவை. பாதிக்குமேல் பியர் இருக்கும்போதே பின்பக்கத்தை மெல்ல உயர்த்திவிட வேண்டும். அடிவரை காலியானபின் உயர்த்தினால் வண்டல் மொத்தமும் அலையாக முன்னால் வரும். ஆகவேதான் பல பப்களில் எடை குறையக் குறையத் தானாகச் சாயும் சுருள்வில் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள்.

நிலவறை வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ‘இங்கிலாந்தில் பியரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்’ என்ற பேச்சு சரியல்ல. இது மண்பானைத் தண்ணீரை விடவும் குளிர்ச்சி. இதற்குமேல் ஏறினால் வாயு வெளியேறி, புளிப்பும் சீக்கிரம் ஏறும். மிகவும் இறங்கினால் புரதம் திரிந்து மங்கலடிக்கும், பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணமும் அமுங்கிவிடும். பியர் மேலே வரும் குழாய்களை ஏழு நாளுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசியாக வேண்டும். இது தவறினால் ஈஸ்டும் பாக்டீரியாவும் குழாயில் படிந்து, நல்ல பீப்பாயிலிருந்து வரும் பியரையும் கெடுக்கும்.

காஸ்க் பிரீதர் என்ற சிறு கருவியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். காலியாகும் இடத்தில் காற்றுக்குப் பதில், அழுத்தமில்லாமல் கரியமில வாயுவை விடும் கருவி அது. பியர் கூடுதல் நாள் தாங்கும். 1971இல் தொடங்கிய கேம்ரா என்ற காஸ்க் ஏல் நுகர்வோர் அமைப்பு இதை நெடுங்காலம் எதிர்த்து, 2018இல்தான் எதிர்ப்பைக் கைவிட்டது. மெதுவாக விற்கும் சின்ன பப்புக்கு இது உதவியே. புளித்த ‘அசல்’ பியரைவிட இது எவ்வளவோ மேல்.

பப்பைத் தேர்ந்தெடுப்பது

கேம்ரா ஆண்டுதோறும் குட் பியர் கைடு என்ற புத்தகத்தை வெளியிடுகிறது. உறுப்பினர்கள் குடித்துப் பார்த்து, பூஜ்யம் முதல் 5 வரை போடும் மதிப்பெண்தான் அதற்கு அடிப்படை. சுமார் 4,500 பப்கள் அதில் இடம்பெறும். புதிய ஊருக்குப் போனால் அதில் தொடங்கலாம். வாசலில் காஸ்க் மார்க் பலகை இருந்தால், பியரின் வெப்பம், தெளிவு, மணம், சுவை ஆகியவற்றைப் பரிசோதகர் வந்து பார்த்துத் தேறிய இடம் என்று பொருள். பலகையில் ஃப்ரீ ஹவுஸ் என்று போட்டிருந்தால், எந்த மதுவாலைக்கும் பப் நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல் யாரிடமும் பியர் வாங்கலாம் என்று அர்த்தம். பல பப்கள் அப்படியல்ல; உரிமையாளர் நிறுவனத்தின் பட்டியலிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனாலும் லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் போன்ற பழைய குடும்ப மதுவாலைகளின் சொந்த பப்களை இதனால் ஒதுக்கிவிட வேண்டாம். தேர்வு குறைவு, பராமரிப்பு நன்று.

மைக்ரோபப் என்ற வகையைத் தவறவிடக் கூடாது. 2005இல் கென்ட் மாவட்டத்தின் ஹெர்ன் கிராமத்தில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடத்தில் மார்ட்டின் ஹில்லியர் தொடங்கிய புட்சர்ஸ் ஆர்ம்ஸ் இதற்கு முன்னோடி. உரிமம் பெறுவதை எளிதாக்கிய 2003 சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தபின், காலியான கடைகளில் இப்படி ஒற்றை அறை பப்கள் முளைத்தன. இசை கிடையாது, பெரும்பாலும் லாகர் என்ற வெளிர்நிறக் குளிர் பியரும் கிடையாது. கைபேசி அலறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிலவற்றில் கைப்பம்பே இல்லாமல், குளிரூட்டிய பின்னறையில் பீப்பாயிலிருந்தே நேராகப் பிடித்துத் தருவார்கள். இடையில் குழாய் இல்லாததால் கெட்டுப்போக ஒரு வாய்ப்புக் குறைகிறது. பீப்பாய் சீக்கிரம் காலியாக வேண்டும் என்ற நம் கணக்குக்கு ரொம்பப் பொருந்தி வருவது இந்த வகைதான்.

உள்ளே போனதும் கைப்பிடிகளில் மாட்டியிருக்கும் பம்ப் கிளிப் அட்டைகளைப் பாருங்கள். பெயர், மதுவாலை, ஆல்கஹால் சதவீதம் மூன்றும் அதில் இருக்கும். அட்டை பின்புறம் காட்டித் திருப்பி மாட்டியிருந்தால் அந்தப் பியர் தீர்ந்தது, அல்லது இன்னும் தெளியவில்லை. இது நல்ல அறிகுறி. பக்குவமாகாததை விற்க மறுக்கிறார்கள். கைப்பிடி முன்னால் நிறம் காட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பியர் வைத்திருந்தால் வாங்குகிறவர்களை மதிக்கும் இடம். அடுத்து வரப்போகும் பீப்பாய்களைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் விற்பனை ஓட்டம் இருக்கிறது என்று நம்பலாம். எல்லாக் கைப்பிடியிலும் 4 சதவீத வெளிர் ஏலே இருந்தால், தேர்வு நீளமாகத் தெரிந்தாலும் குறுகியது. ஒரு பிட்டர், ஒரு வெளிர் ஏல், ஒரு கறுப்பு என்று மூன்று இருந்தாலே போதும்.

போக ஏற்ற நேரம் வியாழன் முதல் ஞாயிறு மதியம் வரை. கடை திறந்தவுடன் முதல் பைண்டை வாங்காமல் இருப்பது நல்லது. இரவெல்லாம் குழாயிலும் பம்பின் உருளையிலும் தேங்கிய பியரை இழுத்துக் கொட்டிவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்க வேண்டும்; எல்லோரும் செய்வதில்லை.

கேட்டு வாங்குவது

மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். கவுண்டருக்குப் போய், வாங்கியதும் காசு கொடுத்து, கோப்பையை நீங்களே எடுத்துவர வேண்டும். வரிசை இல்லாதது போலத் தோன்றும்; ஆனால் யார் முன்னால் வந்தார் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியும். நோட்டை ஆட்டுவதும் விரலைச் சொடுக்குவதும் கூடாது, கண் பார்வை போதும். உங்களுக்கு முன்னால் வந்தவர் நிற்க உங்களைக் கேட்டால், ‘இவர் முதலில்’ என்று கை காட்டுங்கள். அந்த ஒரு சைகைக்கே அங்கே மரியாதை கூடும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

எதை வாங்குவது என்று தெரியாவிட்டால், ‘எது நன்றாக இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் பதில் வரும். ‘இன்று புதிதாகத் திறந்தது எது? எது வேகமாகப் போகிறது?’ என்று கேளுங்கள். ருசி பார்க்க ஒரு மடக்கு ஊற்றித் தரச் சொல்லலாம். கூட்ட நேரத்தில் இரண்டு வகைக்கு மேல் கேட்பது அழகல்ல.

அளவு சட்டப்படி மூன்றில் ஒரு பைண்ட், அரை, மூன்றில் இரண்டு, முழு பைண்ட். முழு பைண்ட் 568 மில்லி. பல வகை பார்க்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்றாக வாங்குங்கள், 189 மில்லிதான். வெளிறியதிலிருந்து கறுப்புக்கும், லேசானதிலிருந்து வீரியமானதற்கும் போவது முறை. தார்போன்ற ஸ்டௌட்டுக்குப் பின்னால் 3.5 சதவீத மைல்டைக் குடித்தால் அது தண்ணீராகத்தான் தெரியும். மைல்டு என்பது கசப்புக் குறைந்த, பெரும்பாலும் கருஞ்சிவப்பான ஏல். பிட்டரில் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் சுவையும் கசப்பும் சரிசமம். 4 சதவீத ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் அதற்கு நல்ல பாடம். கோல்டன் ஏல் எலுமிச்சை, பூ மணம் பக்கம் சாயும். போர்ட்டரிலும் ஸ்டௌட்டிலும் வறுத்த தானியத்தின் காப்பிக் கசப்பு. தீக்ஸ்டன் ஓல்டு பெக்யூலியர் 5.6 சதவீதம், உலர்பழ இனிப்பு. மாலையின் கடைசியில் வைத்துக்கொள்வது.

பிரிட்டனில் 10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். 4 சதவீத பைண்ட் 2.3 யூனிட், ஓல்டு பெக்யூலியர் பைண்ட் 3.2 யூனிட். அரசு மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது. இங்கிலாந்தில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50. கணக்குப் போட்டுக் குடிக்க வேண்டாம், பேருந்தில் போங்கள்.

நண்பர்களோடு போனால் ரவுண்டு முறை உண்டு: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர் முறை. ஐந்து பேர் என்றால் ஐந்து பைண்டில் மாட்டிக்கொள்வீர்கள். ‘நான் என்னுடையதை வாங்கிக்கொள்கிறேன்’ என்பதை முதல் கோப்பைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு ரவுண்டு குடித்துவிட்டுச் சொன்னால் கஞ்சன் பட்டம் நிச்சயம்.

வட இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் ஸ்பார்க்ளர் என்ற துளைமூக்கு மாட்டியிருப்பார்கள். பியர் அதன் வழியே பீறிட்டு, பாலேடு போன்ற நுரை கட்டும். கசப்பு நுரைக்கு ஏறி, பியர் மிருதுவாகும். தெற்கே இதை விரும்புவதில்லை. எது சரி என்பது தீராத வழக்கு. மெல்லிய ஹாப்ஸ் மணம் உள்ள ஏலுக்குக் கழற்றச் சொல்லுங்கள், கேட்டால் கழற்றிவிடுவார்கள். நுரை அதிகமாகி அளவு குறைந்தால் ‘டாப் அப்’ கேட்பது உரிமை, சங்கடப்பட வேண்டியதில்லை.

கோப்பையில் தெரிவது

முதல் மடக்குக்கு முன் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசம் வந்தால் பீப்பாய் திறந்து நாளாகி, காற்றில் அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. வெண்ணெய் மிட்டாய் வாசம் டயாசெட்டிலால் வருவது. நொதிப்பு முடியும்முன் அவசரப்பட்டிருப்பார்கள், அல்லது குழாய் அழுக்கு. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் பியர் இன்னும் இளசு. ஈர அட்டைப்பெட்டி போல் இருந்தால் பழசாகி ஆக்சிஜன் பட்டது. மருந்து நெடி அடித்தால் கழுவிய ரசாயனம் சரியாக அலசப்படவில்லை, அல்லது காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. அழுகிய முட்டை போல லேசான கந்தக நெடிக்கு மட்டும் பயப்பட வேண்டாம். பர்ட்டன் ஊரின் ஜிப்சம் கலந்த தண்ணீரில் காய்ச்சிய ஏலுக்கு அது பிறவிக் குணம், ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும்.

மங்கல் இருந்தால் உடனே குறை சொல்லிவிடவும் கூடாது. கிளிப்பில் ‘அன்ஃபைண்டு’ என்று போட்டிருந்தால், தெளியவைக்கும் பசை சேர்க்காமல் வேண்டுமென்றே மங்கலாக விட்டது. இது சைவர்களுக்கு முக்கியம். வழக்கமான பசையான ஐசிங்கிளாஸ், மீனின் நெட்டியிலிருந்து, அதாவது உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து, எடுக்கப்படுவது. வண்டலோடு அடியில் தங்கிவிடுகிறது என்றாலும் சேராதவர்களுக்குச் சேராது. ‘வீகன்’ என்று குறித்த கைப்பிடியைக் கேளுங்கள். இப்போது பல பப்களில் இருக்கும். கொறிக்கத் தரும் போர்க் ஸ்கிராட்சிங்ஸ் பன்றித்தோல் வறுவல் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கெட்ட பியரைத் திருப்பிக் கொடுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஓரிரு மடக்கோடு நிறுத்தி, கோப்பையோடு கவுண்டருக்குப் போய், பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி ‘இது கொஞ்சம் வினிகர் அடிக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்று சொல்லுங்கள். முக்கால் கோப்பை குடித்துவிட்டுப் போனால் யாரும் நம்பமாட்டார்கள். நல்ல பப் என்றால் தானும் முகர்ந்துவிட்டு மாற்றித் தரும், கிளிப்பைத் திருப்பி மாட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கும். ‘ஏல் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில் வந்தால் அடுத்த பப்புக்கு நடக்கலாம். உங்களுக்குப் பிடிக்காத பாணி என்பது மட்டும் காரணமாக இருந்தால் திருப்பக் கூடாது. ருசி பார்க்க ஒரு மடக்குக் கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலி அறையில் மாட்டிக்கொண்டால் காஸ்க்கை விட்டுவிட்டு, அழுத்தத்தில் அடைத்த கெக் பியரையோ பாட்டிலையோ வாங்குங்கள். கெக்கில் காற்றுப் புகுவதில்லை, வாரக்கணக்கில் தாங்கும். பாட்டிலுக்குள்ளேயே நொதித்த பியர் என்றால் அடியில் ஈஸ்ட் இருக்கும். குலுக்காமல் எடுத்து, கோப்பையைச் சாய்த்து, இடையில் நிறுத்தாமல் ஊற்றி, கலங்கல் கழுத்தை எட்டியதும் நிமிர்த்துங்கள். ஜெர்மன் கோதுமை பியரில் நேர்மாறு. கடைசி மடக்கைச் சுழற்றி ஈஸ்டையும் சேர்த்தே ஊற்றுவார்கள். ஹாப்ஸ் மணத்துக்காக வாங்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்றால் தேதியைப் பார்த்து, அடைத்து மூன்று மாதத்துக்குள் இருப்பதை எடுங்கள். 6.2 சதவீத பெல்ஜிய ஓர்வல் போன்றவை ஒரு வருடம் ஆனாலும் சுவை மாறி நன்றாகவே இருக்கும். ஒளி பட்டால் ஹாப்ஸ் நாற்றமடிக்கும். நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலை ஜன்னலோர அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தால் வேண்டாமென்று சொல்லி, குளிர்பெட்டியிலிருந்து பழுப்புப் பாட்டில் கேளுங்கள்.